படகு எஞ்சின் எக்ஸாஸ்டில் தண்ணீர் ஒழுகுகிறதா? முதலில் ஸ்பானரைக் கீழே வையுங்கள்

மதுரையில் உட்கார்ந்துகொண்டு படகு எஞ்சினைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் எல்லாம் தாண்டி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போய் மண்டபத்தில் இறங்க வேண்டும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்துவிட்டால் என் பட்டறை வாசலில் துருப்பிடித்த மேனிஃபோல்டும் (எஞ்சின் புகையைச் சேர்த்து வாங்கும் குழாய்), அதில் மாட்டும் வளைகுழாயான எல்போவும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதி சாமான் மீன் லோடு வண்டியிலேயே ஏறி வருவதால், சாக்கைப் பிரிக்கும் முன்பே எந்த ஊர்ச் சரக்கு என்று மூக்கு சொல்லிவிடும்.

டீசல் வேலை கற்றுக்கொள்ள வரும் தம்பிகள் லாரி எஞ்சினைப் பிரித்துப் பழகியிருப்பார்கள். படகு எக்ஸாஸ்டைப் பார்த்ததும், "அண்ணே, சைலன்சருக்குள்ள தண்ணி போகுது, உடைஞ்சிருக்கு போல" என்பார்கள். உடையவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. இந்த வேலையில் பாதிக் காசு வீணாவது இது தெரியாமல்தான்.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது

லாரியில் புகை நேராகக் குழாய் வழியே வெளியே போய்விடும். படகுக்குள், மரமோ ஃபைபரோ சுற்றியிருக்கும் இடத்தில், முழு லோடில் 400, 500 டிகிரி சூட்டில் வரும் புகையை அப்படியே விட முடியாது. அதனால் கடல் தண்ணீரை ஒரு பம்ப் இழுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக அனுப்பி, எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகு எல்போவில் கொண்டுபோய்ப் புகையோடு கலக்கும். கலந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும். அதற்கு அப்புறம் ரப்பர் ஹோஸே போதும். அந்த ஹோஸ் வாட்டர் லாக் என்கிற தொட்டி மாதிரியான சைலன்சருக்குள் போகும். அங்கே தேங்கும் தண்ணீரைப் புகையின் அழுத்தமே மேலே தள்ளி, வாத்துக் கழுத்து போல வளைந்த குழாய் வழியாக அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், வெளியே துப்பும்.

எல்லாப் படகிலும் இது இருக்காது. சிலவற்றில் தண்ணீரே கலக்காத உலர்ந்த குழாய் மேலே ஏறிப் போகும், அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. சிலவற்றில் மேனிஃபோல்டைச் சுற்றியும் தண்ணீர் ஓடும் சட்டை இருக்கும், அது பொருந்தும், இன்னும் ஆபத்தாகவே பொருந்தும்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளியே சொட்டுவது படகின் அடியில்தான் தேங்கும், அதை இறைத்து ஊற்றிவிடலாம். உள்பக்கம் ஒழுகினால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் அடித்ததும் பிஸ்டன் போய் அதில் மோதி கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினே போச்சு. இன்னொன்று, தண்ணீர் வெளியே வரும் ஓட்டை வழியே புகையும் வரும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எஞ்சின் அறைக்குள் தலைவலி, தலைசுற்றல் என்றால் உடனே மேலே ஏறி வந்துவிடுங்கள், வேலை அங்கேயே கிடக்கட்டும்.

தொடுவதற்கு முன்னால்

எஞ்சின் முழுக்க ஆறட்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை, சீகாக் என்பார்களே, அதை மூடுங்கள். மூடியதற்கு அடையாளமாக ஒரு சிவப்புத் துணியை ஸ்டார்ட் சாவியில் கட்டிவிடுங்கள், ஏனென்றால் அதைத் திறக்க மறந்து ஸ்டார்ட் பண்ணினால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரம், இம்பெல்லர், கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அப்படி இருந்தால் தயவுசெய்து செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றி, சிலிண்டரில் இருப்பதை வெளியேற்றுங்கள். ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் பேரிங்கில் ஒரு ராத்திரி உட்கார்ந்தாலும் வேலையைக் காட்டிவிடும். ஆயில் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஒழுகுவது எது, எங்கிருந்து

இதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு காசு மிச்சம்.

காய்ந்து போன கறையை முதலில் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கடல் தண்ணீர். பச்சையோ சிவப்போ ஒட்டியிருந்தால் எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் திரவம், அதாவது கூலன்ட், அது வேறு கதை, ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கம் போக வேண்டும். விரலால் தொட்டு நக்கிப் பார்க்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளுக்கு உண்டு. கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நக்காதீர்கள். வெறுமனே பழுப்புக் கோடு மட்டும் இறங்கியிருந்தால் அங்கே இரும்பு உள்ளிருந்து துருப்பிடித்து வருகிறது என்று அர்த்தம்.

பிறகு எல்லாவற்றையும் துடைத்துக் காயவையுங்கள். எல்போ, ஹோஸ் முனைகள், பம்ப், மேலே போகும் சின்னக் குழாய்கள், ஒன்றையும் விடாதீர்கள். எஞ்சினுக்கு அடியில் பழைய தினசரித் தாள்களை விரியுங்கள். அப்புறம் சந்தேகப்படும் இணைப்புகள் எல்லாவற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். என் பட்டறையில் திருநீற்றுத் தட்டு எப்போதும் கைக்கு எட்டுவதால் நான் பல தடவை அதையே தூவியிருக்கிறேன், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெல்ட் ஓடும் பக்கம் மட்டும் வேண்டாம்.

இப்போது சீகாக்கைத் திறந்து, பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். கீழே சொட்டும் இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு முழம் ஓடி, எங்காவது ஒரு போல்ட் தலையில் வந்துதான் சொட்டும். பவுடர் முதலில் எங்கே கரைகிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

என் முதல் வருடத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசைப்படகில் எல்போ கேஸ்கெட் (இரண்டு முகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) ஒழுகுகிறது என்று மாற்றினேன். மறுபடி ஒழுகியது, மறுபடி மாற்றினேன். மூன்றாவது தடவை படகு ஓனரின் அம்மா, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல இருக்குற அந்தக் குமிழும் நனைஞ்சிருக்கே" என்றார். எல்போவுக்கு மேலே, தண்ணீர்க் குழாயின் உச்சியில் சைஃபன் தடுப்பு வால்வு ஒன்று இருக்கும். அதற்குள் உப்பு கட்டி, மூடாமல் நின்று, அதிலிருந்து கசிந்த தண்ணீர் ஹோஸ் வழியாகவே இறங்கி சரியாக கேஸ்கெட் விளிம்பில் வந்து சொட்டியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை: வால்வைக் கழற்றி வெந்நீரில் கழுவி மாட்டினேன். மூன்று கேஸ்கெட் காசை நான்தான் கொடுத்தேன்.

அந்த வால்வு எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்போவில் தண்ணீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, மேலே இருந்தும் 15 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, எஞ்சினை நிறுத்திய பிறகும் தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்துகொண்டே இருக்கும். இடையில் காற்றை விட்டு அந்த உறிஞ்சலை அறுப்பதுதான் அதன் வேலை. உப்பு அடைத்துத் திறக்காமல் நின்றால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ராத்திரியோடு ராத்திரியாக சைலன்சர் நிரம்பி எஞ்சினுக்குள் ஏறிவிடும். ஒழுகுகிற வால்வைவிட ஒழுகாமல் அடைத்துக்கொண்ட வால்வு மோசம்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் துப்பு கொடுக்கும். ஓடும்போது மட்டும் என்றால் பம்புக்கு அப்புறம் உள்ள இணைப்புகள். நிறுத்திய பிறகும் என்றால் அமரத்துப் பக்கத்து வெளிவாய் அல்லது வாட்டர் லாக். சூடேறினால் நின்றுவிடுகிறது என்றால் கிளிப் தளர்ந்திருக்கிறது. வேகம் கொடுத்தால் மட்டும் எல்லா இணைப்பிலும் கசிகிறது என்றால் கிளிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள், எல்போவுக்குள் கரியும் உப்பும் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும்.

ஹோஸும் கிளிப்பும்

பாதி ஒழுகல் இங்கேயே முடிந்துவிடும். ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஒரு இடம் இட்லி மாதிரி மெத்தென்றும் இன்னொரு இடம் கட்டை மாதிரி விறைப்பாகவும் இருந்தால் மாற்றுங்கள். ஒரு தடவை தண்ணீர் இல்லாமல் எஞ்சின் ஓடியிருந்தால் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தோல் உரிந்து தொங்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரேடியேட்டர் ஹோஸ் விலை குறைவு, அளவும் சரியாக இருக்கிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். படகு எக்ஸாஸ்டுக்கு என்றே கம்பிச் சுருள் வைத்த தடித்த ஹோஸ் வருகிறது, அதைத்தான் போட வேண்டும். சுவர் மெல்லிய ஹோஸ் சூட்டில் தளர்ந்து மடங்கிக்கொள்ளும்.

பழைய ஹோஸை இழுத்துக் கழற்ற முயன்று வாட்டர் லாக்கின் மூக்கை உடைத்தவர்கள் உண்டு. நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள், எப்படியும் தூக்கிப் போடப்போகிறீர்கள். புதியதை மாட்டும்போது சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊறிவிடும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப், திருகுத் தலைகள் எதிரெதிராக இருக்கும்படி. கடையில் கிளிப் வாங்கும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். பட்டை துருப்பிடிக்காத எஃகாக இருக்கும், திருகு மட்டும் சாதா இரும்பாக இருக்கும், காந்தம் திருகில் பச்சக்கென்று ஒட்டினால் அந்த கிளிப் ஒரு சீசன் தாங்காது. மூச்சைப் பிடித்து முறுக்கவும் வேண்டாம். ரப்பர் பட்டைக்குள் பிதுங்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ஒரு தடவை சூடேறி ஆறிய பிறகு அரைச் சுற்று தேவைப்படும்.

எல்போவைக் கழற்றுவது

கேஸ்கெட்டில்தான் ஒழுகுகிறது, அல்லது எல்போ மேலேயே சந்தேகம் என்று உறுதியான பிறகே இதில் கை வையுங்கள். சீகாக்கை மறுபடி மூடி, பேட்டரியையும் மறுபடி கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். உப்பில் கிடந்த நட்டு சும்மா வராது. முந்தைய நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயிலை அடித்து, சுத்தியால் மெதுவாக நாலு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் இன்னொரு தடவை. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம், இப்படி முன்னும் பின்னுமாக. அவசரப்பட்டு நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி இழுத்தால், நட்டு ஏறியிருக்கும் மரைத்தண்டு, அதாவது ஸ்டட், உடையும். உடைந்த ஸ்டட்டை மேனிஃபோல்டிலிருந்து எடுக்க லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஒரு நாள் கூலி அங்கே.

கழற்றியதும் உள்ளே பாருங்கள். புதிதாக இருந்தபோது எலுமிச்சம்பழம் போகும் வாய், கரியும் உப்பும் படிந்து விரல் மட்டுமே நுழையும் அளவுக்குச் சுருங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். திருப்புளியால் சுரண்டி எடுங்கள். வராத உப்பை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கரைக்கலாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டவெளியில், எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்புறம் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

இனி அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு எல்போவை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு சின்னச் சுத்தியால் தட்டுங்கள். நல்லது மணி மாதிரி கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது ஓட்டைப் பானை மாதிரி சத்தம் கொடுக்கும். சத்தத்தை மட்டும் நம்பாமல், தண்ணீர் ஓடும் சட்டையின் ஒரு வாயை அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளிப்புறமும் புகை போகும் உள்சுவரும் முழுக்கச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, ஒரு ராத்திரி விடுங்கள். தண்ணீர் நுழையாத மயிரிழை விரிசலிலும் மண்ணெண்ணெய் நுழைந்து, வெள்ளைச் சுண்ணாம்பில் கறையாகத் தெரியும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கறை வெளிப்புறத்தில் என்றால் தொல்லை. உள்சுவரில் என்றால், அந்த எல்போதான் ஒருநாள் சிலிண்டருக்குள் தண்ணீர் விடப்போகிறது.

அவசரமாகப் பார்க்க வேண்டும் என்றால், வாய்களை அடைத்து சைக்கிள் பம்பால் 5 பிஎஸ்ஐ மட்டும் காற்று ஏற்றி டிரம் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கலாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரை அதில் மாட்டாதீர்கள், அடைப்பு குண்டு மாதிரி பறக்கும்.

வெல்டிங் வைத்துத் தரச் சொல்லி என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். வார்ப்பிரும்பை நிக்கல் ராடு போட்டு, முன்கூட்டிச் சூடாக்கி, வெல்டிங் முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவைத்துச் செய்யலாம்தான். நான் செய்தும் கொடுத்திருக்கிறேன், மாற்று எல்போ கிடைக்கும்வரை கரைக்குப் பக்கத்தில் ஓட்டுவதற்காக மட்டும். உள்ளிருந்து தேய்ந்து தகடாகிப்போன இரும்பில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் அடுத்தது விழும். துருப்பிடிக்காத எஃகில் செய்த எல்போ என்றால் விரிசல் பெரும்பாலும் பழைய வெல்டிங் ஓரமாகவே வரும். 316எல் ராடு வைத்துச் சுத்தமாக ஒட்டினால் அது நிற்கும். எப்பாக்சி பசை வகையெல்லாம் தண்ணீர் கலந்த பிறகான குளிர்ந்த பகுதிக்கு மட்டும், சூடான பக்கத்தில் பூசினால் கருகி உதிரும்.

திரும்ப மாட்டுவது

எல்போவின் முகத்தையும் மேனிஃபோல்டு முகத்தையும் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுத்தம் பண்ணி, நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 0.1 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழைந்தால் முகத்தை லேத்தில் சீவி எடுக்க வேண்டும். கோணலான முகத்துக்கு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும், தடிமனாக இரண்டு போட்டால் இன்னும் சீக்கிரம் ஒழுகும்.

கேஸ்கெட்டை எஞ்சின் கம்பெனி பசை வைக்கச் சொல்லாதவரை உலர்ந்தபடியே வையுங்கள். சிவப்பு சிலிக்கான் டியூபைப் பிதுக்குவது நம்ம ஊர் வியாதி. பிதுங்கிய துண்டு உள்ளே போய்த் தண்ணீர் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையாக இறுக்குங்கள். கடைசி அளவு உங்கள் எஞ்சின் புத்தகத்தில் இருக்கும், அதை டார்க் ரெஞ்சில் வையுங்கள். ஒரு தடவை ஓடிச் சூடேறி முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். எல்போவின் எடையும் ஹோஸின் எடையும் ஸ்டட்டில் தொங்கக் கூடாது, ஒரு தாங்கி கொடுங்கள். அதிர்வில்தான் பாதி விரிசலே வருகிறது.

வாட்டர் லாக் பற்றிச் சுருக்கமாக: அடியில் உள்ள வடிகால் அடைப்பானின் வாஷரை மாற்றுங்கள், ஃபைபர் தொட்டியில் விரிசல் என்றால் கழற்றி நாலைந்து நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் துணியும் எப்பாக்சியும் வைத்து ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டாது.

ஓட்டிப் பார்ப்பது

புதிய தாள் விரியுங்கள், புதிதாகப் பவுடர் தூவுங்கள், பேட்டரியை மாட்டி சீகாக்கைத் திறந்து, சிவப்புத் துணியை அவிழுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் சீகாக்கை மூடிவிட்டு அடியுங்கள். எஞ்சின் சுற்றும்போதெல்லாம் பம்ப் தண்ணீரைத் தள்ளும், ஆனால் அதை வெளியே துப்பப் புகை இருக்காது, வாட்டர் லாக் நிரம்பி எஞ்சினுக்கே திரும்பி வரும். எஞ்சின் பிடித்த நொடியில் திறந்துவிடுங்கள், ஆளை வால்வு பக்கத்திலேயே நிறுத்திவையுங்கள்.

அமரத்துப் பக்கம் தண்ணீர் விட்டு விட்டு, ஆனால் தாராளமாக வர வேண்டும். எல்போவுக்கு அடுத்த ஹோஸில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக, கை வைத்துக்கொண்டே இருக்க முடிகிற சூட்டில் இருக்க வேண்டும். சுடுகிறது, கையை எடுக்கத் தோன்றுகிறது என்றால் தண்ணீர் குறைவாக வருகிறது, உடனே நிறுத்தி இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். உடைந்த இறக்கை ஒன்று காணாமல் போயிருந்தால் அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் மாட்டிக்கொண்டிருக்கும், தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. எல்லாம் சரியாக இருந்தால் அரை மணி நேரம் ஓடட்டும், கட்டிப்போட்ட நிலையிலேயே கியர் போட்டுக் கொஞ்சம் லோடும் கொடுங்கள். வெறும் ஓட்டத்தில் ஒழுகாத இணைப்பு லோடில் ஒழுகும்.

பிறகு நிறுத்துங்கள், சீகாக்கை மட்டும் திறந்தே வைத்துவிட்டு, தாளைக் கலைக்காமல் வீட்டுக்குப் போங்கள். சைஃபன் ஏறுகிறதா என்பது அந்த ராத்திரியில்தான் தெரியும். படகு தண்ணீரில் இருக்கிறது என்பதால் யாராவது ஒருவர் படகிலேயே படுத்துக்கொள்வது நல்லது. விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் முதலில் வாட்டர் லாக் வடிகாலைத் திறந்து எவ்வளவு வடிகிறது என்று ஒரு வாளியில் பிடியுங்கள். நிறுத்தும்போது குழாயிலிருந்து திரும்பி இறங்கும் அளவு மட்டும்தான் இருக்க வேண்டும். வாளி நிரம்பி வழிந்தால் மேலே இருக்கும் அந்தக் குமிழ் வால்வைக் கழற்றுங்கள். அளவாக வடிந்து, தாளும் காய்ந்து கிடந்தால், தாளைச் சுருட்டிப் போட்டுவிட்டு டிரைவரிடம் சாவியைக் கொடுங்கள்.